குளிக்க அஞ்சும் குதிரை

குதிரை இயல்பிலேயே தண்ணீருக்கு அஞ்சும் விலங்கு அன்று. அது நன்றாக நீந்தும். வெயில் காலத்தில் குட்டையைக் கண்டால் முன்னங்காலால் நீரை அடித்துக் கலக்கும். சில சமயம் அதிலேயே படுத்துப் புரளும். தூறலில் நனைந்தபடி மேய்ந்துகொண்டிருக்கும். அதே குதிரை லாயத்து முற்றத்தில் ரப்பர் குழாயைக் கண்டதும் தலையைத் தூக்குகிறது, கயிற்றைப் பின்னுக்கு இழுக்கிறது, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குட்டைக்குள் இறங்குவதும் வெளியேறுவதும் அதன் விருப்பம். குளிப்பாட்டும்போதோ நீர் எங்கே விழும், எவ்வளவு விழும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் மனிதரின் கையில் இருக்கிறது. கயிறு கட்டியிருப்பதால் ஓடவும் வழியில்லை. குளியல் அச்சம் பெரும்பாலும் இந்த நிலையிலிருந்தே பிறக்கிறது. ஆகவே அதைப் போக்கும் முறையும் குதிரைக்குச் சிறிதளவேனும் கட்டுப்பாட்டைத் திருப்பித் தருவதாக அமைய வேண்டும்.

குளியல் ஏன் தேவை

உடல் முழுவதும் வியர்த்துக் கொட்டும் விலங்குகள் மிகச் சில. குதிரை அவற்றுள் ஒன்று. அதன் வியர்வையில் உப்பு மிகுதி. ‘லாதரின்’ என்ற புரதமும் அதில் கலந்திருக்கிறது. ஓடிவந்த குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் சோப்பு நுரைபோல வெள்ளையாகத் திரள்வதற்கு இந்தப் புரதமே காரணம். வியர்வை, நீர் புகாத எண்ணெய்ப் பசையுள்ள மயிர் முழுவதும் பரவி விரைவாக ஆவியாவதற்கு அது உதவுகிறது. காய்ந்த உப்பைக் கழுவாமல் விட்டுச் சேணம் பூட்டினால் தோல் உரசிப் புண்ணாகும்.

குளியலின் பெரிய பயன் உடல் வெப்பத்தைத் தணிப்பது. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இயக்கமாகிறது, எஞ்சியது வெப்பமாகிவிடும். வெக்கையான நாளில் கடுமையாக உழைத்த குதிரையின் மேல் குளிர்ந்த நீரை இடைவிடாமல் ஊற்றுவதே அதைக் காக்கும் விரைவான வழி. சூடான உடம்பில் குளிர்நீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியை ஒட்டி நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று காட்டின. எனவே நீரைத் தொடவிடாத குதிரை கோடையில் உண்மையான ஆபத்தில் இருக்கிறது. காயத்தையோ வீங்கிய காலையோ குழாய் நீரில் நனைக்க வேண்டி வரும்போதும், தோல் நோய்க்கு மருந்து நீரால் கழுவ வேண்டி வரும்போதும் இதே சிக்கல் எழும்.

அடிக்கடி ஷாம்பு போடத் தேவையில்லை. தோலைக் காக்கும் இயற்கையான எண்ணெய்ப் பசையை அது நீக்கிவிடும். வியர்வை உப்பைக் கழுவ வெறும் தண்ணீர் போதும்.

குதிரை உணரும் உலகம்

புல்வெளியில் வேட்டை விலங்குகளிடமிருந்து ஓடித் தப்பியே வாழ்ந்த இனம் குதிரை. அதன் புலன்கள் எல்லாம் ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வகையில் அமைந்தவை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே, மூக்குக்குக் கீழே, வாலுக்கு நேர் பின்னே ஆகிய இடங்கள்தாம் தெரியாதவை. அங்கிருந்து திடீரென்று நீளும் கையோ குழாயோ அதைத் திடுக்கிட வைக்கும். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும்போது குதிரையின் கண் தெளிவடைய மனிதக் கண்ணைவிடக் கூடுதல் நேரம் ஆகும். வெயிலிலிருந்து இருண்ட குளியல் கொட்டடிக்குள் நுழையும் குதிரை வாசலிலேயே தயங்கி நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மனிதருக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். குதிரைக்கு ஏறக்குறைய 33 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். குழாய் முனையில் நீர் பீறிடும் சீறலும், தகரத்தில் நீர் படும் ஓசையும், இரும்பு வாளி தரையில் உரசும் ஒலியும் மனிதர் கேட்பதைவிடக் கூர்மையாக அதன் காதில் விழுகின்றன.

தொடுவுணர்வு இன்னும் நுட்பமானது. விலாவில் ஓர் ஈ உட்கார்ந்தாலும் குதிரை அறிந்துகொள்ளும். தோலுக்கடியில் உள்ள தசைப்படலம் உடனே சுருங்கி, தோலை உதறி ஈயை விரட்டும். அத்தகைய தோலில் அழுத்தத்தோடு பாயும் குளிர்ந்த நீர் சாதாரணமான தொடுதல் அன்று. வயிற்றிலும் விலாவின் பின்பகுதியிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் இந்த உணர்வு மிகுதி. முதல் நாளே அந்த இடங்களில் நீர் பாய்ந்தால் குதிரை உதைப்பது வியப்பன்று.

அச்சம் மூண்டதும் உடல் ஓட்டத்துக்கு ஆயத்தமாகிறது. வளர்ந்த குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். திடுக்கிட்ட சில நொடிகளிலேயே அது 100-ஐத் தாண்டக்கூடும். அந்த நிலையில் புதிதாக எதையும் அமைதியாகக் கற்றுக்கொள்ள அதனால் இயலாது. தப்பிக்கும் வழியை மட்டுமே தேடும். தலை உயர்வது, கண்ணின் வெண்மை தெரிவது, மூக்குத் துளைகள் விரிவது, வால் உடலோடு ஒட்டிக்கொள்வது, அடிக்கடி சாணம் போடுவது, கழுத்துத் தசை கட்டை போல இறுகுவது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். தலை தாழ்வது, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்பது, நீளமாக மூச்சு விடுவது, கீழுதடு தொங்குவது ஆகியவை அமைதியின் அடையாளங்கள்.

அச்சம் எப்படிக் குறைகிறது

தீங்கு செய்யாத ஒன்று மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டால் விலங்கு அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறது. இதைப் பழக்கமாதல் என்பர். அதே பொருள் தாங்க முடியாத அளவில் எதிர்ப்பட்டால் நேர்மாறான விளைவு உண்டாகிறது. ஒவ்வொரு முறையும் அச்சம் கூடிக்கொண்டே போகிறது. குழாயைக் கண்டு மிரண்ட குதிரையை இறுக்கிக் கட்டிவைத்து, ‘அடங்கும் வரை’ நீரைப் பாய்ச்சுவோர் பெரும்பாலும் இந்த இரண்டாவது விளைவைத்தான் பெறுகிறார்கள். சில குதிரைகள் இறுதியில் அசையாமல் நின்றுவிடும். தப்பிக்க வழியே இல்லை என்று கைவிட்ட நிலை அது. அடுத்த முறை சிறு இடைவெளி கிடைத்தாலும் அந்தக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு பாயலாம்.

மாற்று வழி மனித உளவியலிலிருந்து வந்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் உணவு உண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவனது பயத்தைப் போக்கினார். ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1958இல் வெளியான தம் நூலில், அச்சம் தரும் பொருளைப் படிகளாகப் பிரித்து, மிக எளிய படியிலிருந்து தொடங்கும் முறையை வகுத்துக் காட்டினார்.

குதிரைகளிடம் இந்த முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர் டென்மார்க்கின் யானே வின்தர் கிறிஸ்டென்சன். 2006இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில் இரண்டு வயதுள்ள, டேனிஷ் வார்ம்பிளட் இனத்து 27 ஆண் குதிரைகள் இடம்பெற்றன. அவற்றுக்கு அச்சமூட்டியது அசைந்தாடும் ஒரு நைலான் பை. ஒரு பிரிவுக்குப் பையின் முழு அசைவும் தொடக்கத்திலிருந்தே காட்டப்பட்டது. இரண்டாம் பிரிவுக்கு அது சிறு சிறு படிகளாக அறிமுகமானது. மூன்றாம் பிரிவு, முதலில் பையை நல்ல உணவோடு தொடர்புபடுத்திக் கற்றது. படிப்படியாகப் பழகிய பிரிவே மிகக் குறைவாக மிரண்டது. குறைந்த அமர்வுகளில் கற்றும் முடித்தது. அந்தப் பிரிவில் எல்லாக் குதிரைகளும் பழகிவிட்டன. மற்ற இரண்டிலும் சில குதிரைகள் கடைசிவரை பழகவில்லை. வெளிப்பார்வைக்குக் குதிரை அமைதியாகிவிட்ட பிறகும் இதயத் துடிப்பில் ஏற்ற இறக்கம் தொடர்ந்தது என்பது இன்னொரு முடிவு. அசையாமல் நிற்பதை மட்டும் கண்டு அடுத்த படிக்குத் தாவக் கூடாது என்பதற்கு இது சான்று.

நீர் நிற்கும் நொடி

எந்தச் செயலின் முடிவில் தொல்லை விலகுகிறதோ அந்தச் செயலைக் குதிரை மறுபடியும் செய்யும். கடிவாளத்தின் இழுப்பும் காலின் அழுத்தமும் குதிரைக்குப் பாடமாவது இந்த விதியால்தான். குளியலிலும் இதே விதி செயல்படுகிறது. குதிரை துள்ளுகிறது, பயந்துபோனவர் சட்டென்று குழாயைத் திருப்பிக்கொள்கிறார். துள்ளினால் நீர் நின்றுவிடும் என்று குதிரை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே, இன்னும் வேகமாகத் துள்ளுகிறது. குளியல் அச்சம் நாளுக்கு நாள் வளர்வதற்குப் பல லாயங்களில் இதுவே காரணம்.

நீரை விலக்க வேண்டிய நேரம் குதிரை நிற்கும் நேரம். தொடக்கத்தில் ஒரே ஒரு நொடி கால்கள் அசையாமல் நின்றாலும் போதும். அந்த நொடியிலேயே நீரை விலக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு நொடி, ஐந்து நொடி என்று நீட்டிக்கொண்டு போகலாம். குதிரை ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தால், மென்மையாக வழியும் நீரை அதே இடத்தில் வைத்தபடி கூடவே நகர்ந்து, அது நின்றதும் விலக்க வேண்டும். குதிரை நகர்வது வேறு, மிரள்வது வேறு. மிரண்டுவிட்ட குதிரையின் மேல் நீரைத் தொடர்ந்து பிடிப்பது பயிற்சியாகாது. குதிரை மிரண்டால், படி பெரிதாகிவிட்டது என்றே பொருள். அங்கே நிறுத்தி, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

நீர் விலகியதும் ஒரு கைப்பிடிக் கொள்ளோ காரட் துண்டோ கொடுத்தால் கற்றல் விரைவுபடும். மிகவும் அஞ்சிய குதிரை விருப்பமான தீனியையும் தொடாது. அச்சத்தை அளக்க இது எளிய அளவுகோல். தீனி மட்டுமே பரிசு அன்று. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடமான பிடரியடித் தோள்மேட்டைத் தேய்த்துவிட்டால் இதயத் துடிப்பு குறைவதை கிளோடியா ஃபே, ஜான் தெ மஸியேர் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

தொடங்கும் முன்

முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகக் குளித்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று மறுத்தால் தோல் வெடிப்பு, மழைக்காலப் பொருக்கு, பூச்சிக்கடிப் புண், காதுக்குள் தொற்று, முதுகு வலி போன்றவை காரணமாக இருக்கலாம். அவற்றைக் கால்நடை மருத்துவர் கவனித்த பிறகே பயிற்சி.

இடம் அகலமாகவும் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். வழுக்கும் சிமெண்டுத் தரையில் ஒருமுறை சறுக்கிய குதிரை, அந்த அச்சத்தைத் தண்ணீரின் மேல் ஏற்றிக்கொள்ளும். சொரசொரப்பான தரையோ ரப்பர் விரிப்போ சரளை மண்ணோ நல்லது. மின்கம்பி, கூர்மையான இரும்பு, சிதறிக் கிடக்கும் வாளிகள் ஆகியவை அருகில் இருக்கக் கூடாது.

பயிற்சிக் காலத்தில் குதிரையைக் கம்பத்தில் கட்டாமல், அனுபவமுள்ள ஒருவர் நீண்ட தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது ஆபத்து. பிடிப்பவரும் குளிப்பாட்டுபவரும் குதிரையின் ஒரே பக்கத்தில், தோளுக்கு அருகில் நிற்பது நலம். அது திரும்பினால் இருவருக்கும் விலக இடம் இருக்கும். கால் விரல்களை மூடும் உறுதியான காலணியும் தலைக்கவசமும் தேவை. குளம்பைக் கழுவும்போதுகூட மண்டியிடவோ உட்காரவோ கூடாது.

நீரின் சூடு முக்கியம். தமிழ்நாட்டுக் கோடையில் வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வருவது சுடுநீர். அதைத் தரையில் ஓடவிட்டு, முன்கையில் பிடித்துப் பார்த்த பிறகே குதிரையின் பக்கம் திருப்ப வேண்டும். பழகும் நாட்களில் வெதுவெதுப்பான நீர் ஏற்றது. தொட்டதும் சிலிர்க்க வைக்கும் நீரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். காற்றில்லாத வெயில் நேரத்தில் தொடங்கினால், நீர் பட்டபின் வரும் குளிர்ச்சியே குதிரைக்குப் பரிசாகிவிடும்.

அமைதியான ஒரு துணைக் குதிரை அருகில் இருந்தால், பழகாத குதிரை குறைவாக மிரள்கிறது. அதன் இதயத் துடிப்பும் குறைவாகவே உயர்கிறது. இதையும் கிறிஸ்டென்சன் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மனிதரின் மனநிலையும் குதிரையை எட்டுகிறது. சுவீடனில் லிண்டா கீலிங் குழு 2009இல் வெளியிட்ட சோதனையில், குதிரையை நடத்திச் சென்றவர்களிடமும் அதன்மேல் ஏறிச் சென்றவர்களிடமும், கடைசி நடையின்போது குதிரைக்கு அருகே ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் அந்த நடையில் மனிதர்களின் இதயத் துடிப்பும் குதிரைகளின் இதயத் துடிப்பும் சேர்ந்தே உயர்ந்தன. துள்ளப்போகிறது என்று அஞ்சியபடியே குழாயைப் பிடிப்பவர் தம் அச்சத்தைக் குதிரைக்கும் ஊட்டுகிறார்.

படிகளின் வரிசை

குளியல் என்பது குதிரைக்கு ஒரே பொருள் அன்று. இடம், குழாய், ஓசை, ஈரம், குளிர்ச்சி, அழுத்தம் எல்லாம் சேர்ந்த ஒரு கலவை அது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பழக்குவதே முறை.

முதலில் இடம். குளிப்பாட்டும் இடத்துக்குக் குதிரையை அழைத்துப் போய், தூரிகையால் தேய்த்துவிட்டு, சிறிது தீனி கொடுத்துத் திரும்ப அழைத்து வர வேண்டும். அங்கே தண்ணீர் இல்லாமலே சில அமர்வுகள் கழியட்டும்.

அடுத்தது குழாய். நீர் இல்லாத ரப்பர் குழாயைத் தரையில் கிடத்தி, குதிரை விரும்பினால் முகர்ந்து பார்க்க விடலாம். பிறகு ஒருவர் அதைக் குதிரைக்கு எதிர்த் திசையில் மெதுவாக இழுத்துச் செல்ல, குதிரை பின்தொடரட்டும். தன்னை நோக்கி வரும் பொருளைவிடத் தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளிடம் குதிரைக்கு அச்சம் குறைவு.

மூன்றாவது ஓசை. ஐந்தாறு மீட்டர் தொலைவில் குழாயைத் திறந்து, நீரை வேறு பக்கம் ஓடவிட வேண்டும். காதுகள் அந்தப் பக்கமே குத்திட்டு நிற்காமல் தளர்ந்து அசையத் தொடங்கிய பிறகு தொலைவைக் குறைக்கலாம். ஈரத் தரையில் நடந்து போய்த் திரும்புவதும் இந்தப் படியில் சேரும்.

நான்காவது ஈரம். குழாயைத் தள்ளி வைத்துவிட்டு, வாளியும் ஸ்பாஞ்சும் எடுக்க வேண்டும். முதலில் உலர்ந்த ஸ்பாஞ்சால் தூரிகை போடுவது போலவே கழுத்தையும் தோளையும் தடவ வேண்டும். பிறகு நனைத்து நன்றாகப் பிழிந்தது. அதன் பிறகு நீர் வழியும் அளவுக்கு நனைத்தது. தோளிலிருந்து நீர் முன்னங்கால் வழியே ஓடுவதைக் குதிரை அமைதியாக ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அவசரமில்லாத லாயங்களில் முழுக் குளியலையும் ஸ்பாஞ்சாலேயே முடித்துப் பல நாள் ஓட்டலாம்.

ஐந்தாவது ஓடும் நீர். முனையில் தெளிப்பான் எதுவும் வேண்டாம். நீர் பீறிடாமல் சும்மா வழியும் அளவுக்குக் குழாயைத் திறந்தால் போதும். முதலில் முன் குளம்புக்கு அருகே தரையில், பிறகு குளம்பின்மேல். குளம்பின் ஓட்டில் நரம்பில்லாததால் அங்கே குளிர்ச்சி உறைக்காது. அங்கிருந்து கணுக்கால், முழங்கால், தோள் என்று மேலே ஏற வேண்டும். மற்றொரு கை எப்போதும் குதிரையின் உடலில் இருக்கட்டும். புதிய இடத்துக்குப் போகும்போது அந்தக் கையை வைத்து, அதன்மேல் நீரை வழியவிட்டால், பழகிய தொடுதலோடு ஈரமும் சேர்ந்து வரும். மார்பு, கழுத்து, முதுகு ஆகியவற்றை முடித்து விலா, வயிறு, பின்தொடை என்ற வரிசையில் போகலாம். பின்னங்கால்களைக் கழுவும்போது இடுப்பை ஒட்டி நிற்க வேண்டும். நேர் பின்னே நிற்கக் கூடாது. வால் கடைசி.

ஒரு பக்கம் பழகியது மறுபக்கமும் பழகியதாகாது. மறுபக்கத்தையும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும். இம்முறை படிகள் வேகமாக நகரும். ஓர் அமர்வு பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். குதிரை அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

முகமும் காதும்

முகத்துக்கு ஓடும் நீர் தேவையே இல்லை. மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட மீசை மயிர்கள் நரம்புகள் நிறைந்த உணர் கருவிகள். அவை மழிக்கப்பட்ட அல்லது கத்தரிக்கப்பட்ட குதிரைகள் தன் போட்டிகளில் பங்கேற்கக் கூடாது என்று சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல் விதி வைத்திருக்கிறது. அத்தனை நுட்பமான இடத்தில் நீரைப் பீய்ச்சினால் பல வாரப் பயிற்சி வீணாகலாம். பிழிந்த ஈரத் துணியால் கன்னத்திலிருந்து நெற்றி நோக்கித் துடைத்தால் போதும். காதுக்குள் நீர் போகக் கூடாது; முகத்தில் ஷாம்புவும் கூடாது.

பின்னடைவுகள்

அச்சம் தணிந்தாலும் அதன் நினைவு அழிவதில்லை. அமைதியான புதிய நினைவுகள் அதன்மேல் படிகின்றன. நீண்ட இடைவெளிக்குப் பின்னும் புதிய இடத்திலும் பழைய அச்சம் தலைகாட்டும். தன் லாயத்தில் சாதுவாகக் குளிக்கும் குதிரை வேறு ஊரில், வேறு நிறக் குழாயைக் கண்டு மிரளலாம். அதைப் பிடிவாதம் என்று அடிப்பது புதிய அச்சத்தைத்தான் உண்டாக்கும். இரண்டு படி கீழிறங்கித் தொடங்கினால், முதல் முறையைவிட விரைவாகப் பழகிவிடும். அந்தியூர் போன்ற குதிரைச் சந்தையில் வாங்கி வந்த குதிரையின் முன்கதை பெரும்பாலும் தெரியாது. விற்றவர் என்ன சொன்னாலும் முதல் படியிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பு.

பல வாரம் முயன்றும் முன்னேற்றம் இல்லை என்றாலோ, குதிரை முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிறது, உதைக்கிறது என்றாலோ, அனுபவமுள்ள பயிற்சியாளரையும் கால்நடை மருத்துவரையும் நாட வேண்டும். மருத்துவக் காரணத்துக்காக உடனே கழுவியாக வேண்டிய நிலையில் மயக்க மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

பழகிய குதிரை எது

சாதாரணக் குளியல் முடிந்ததும் தண்ணீர் வழிக்கும் பட்டையால் உடலை வழித்து, குளம்புக்கு மேலுள்ள பள்ளத்தைத் துணியால் துடைத்து உலர்த்த வேண்டும்; அங்கே ஈரம் தங்கினால் தோல் வெடித்துப் புண்ணாகும். குளித்த குதிரை மண்ணில் புரளத் துடிப்பது இயல்பு. அதைக் குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை.

தளர்ந்த கயிற்றில், தலை தாழ்ந்து, கால்கள் நகராமல், கொடுத்த கொள்ளை மென்றபடி இரு பக்கமும் நனைய நிற்கும் குதிரையே குளியலுக்குப் பழகிய குதிரை. சில குதிரைகளுக்கு இது ஒரு வாரத்தில் கைகூடும். மோசமாக மிரண்ட குதிரைக்கு மாதங்கள் ஆகலாம். எத்தனை நாள் ஆனாலும் அவசரக் குளியல் வேண்டாம். கடும் வெயிலில் உடல் கொதிக்கும் நாளிலோ காயம்பட்ட நாளிலோ புதிதாகப் பழக்க நேரம் இருக்காது. குதிரை நலமாக இருக்கும் நாட்களிலேயே இந்தப் பயிற்சியை முடித்துவைக்க வேண்டும்.